பந்திலிருந்து வக்காலத்துக்கு

கடலூர், சிதம்பரம் பக்கம் கல்லூரி அணியில் கால்பந்து ஆடிய பிள்ளைக்கு வீட்டார் காட்டும் வழி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை. இந்திய அணிக்கு ஆடிய கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன் காவல் உதவி ஆய்வாளரானது கண்முன் இருக்கும் சான்று. கறுப்புக் கோட்டு ஆசை உள்ளவருக்குப் பாதை வேறு, நீளமும் அதிகம்.

முதலில் பட்டம். அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ வேறு கல்லூரியோ, எந்தப் பாடமானாலும் பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடு வேண்டும். கோப்பை வாங்கித் தந்தவர் என்று யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அடுத்து மூன்றாண்டு எல்.எல்.பி. அதை அஞ்சல் வழியில் படித்தால் வழக்கறிஞராகப் பதிவு கிடையாது. தொலைநிலைக் கல்விக்குப் பேர்போன சிதம்பரத்தில் இதை அழுத்தியே சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவை புதுச்சேரி, விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரிகள். சிதம்பரத்தில் ரயில் ஏறினால் திருப்பாதிரிப்புலியூர், பண்ருட்டி தாண்டி விழுப்புரம்.

ஆட்டக்காரர் தடுக்கி விழும் இடம் வருகைப் பதிவேடு. போட்டி என்றால் 'ஓ.டி.' (ஆன் டியூட்டி அனுமதி) வாங்கிக்கொண்டு கிளம்பிய பழக்கம் இங்கே செல்லாது. பார் கவுன்சிலின் 2008 விதிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் 70 விழுக்காடு வருகை கேட்கின்றன. தக்க காரணம் காட்டினாலும் 65-க்குக் கீழே இறங்காது. எந்தப் போட்டிக்குப் போவது, எதை விடுவது என்று பருவத் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுவிட வேண்டும். பயிற்சியாளர் கோபிப்பார், கோபிக்கட்டும். அமெரிக்காவில் பைரன் வைட் யேலில் சட்டம் படித்த காலத்திலேயே டெட்ராய்ட் அணிக்குத் தொழில்முறையில் ஆடினார், 1962-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஆனார். (அவர்கள் ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும், அது வேறு கதை.) நம் விதிகளுக்குள் அந்த வித்தை கடினம்.

பட்டம் வந்ததும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் பார் கவுன்சில் பதிவு. 2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125. முழுநேரச் சம்பள வேலையில் இருந்தால் அதை விட வேண்டும். உடற்கல்வி ஆசிரியராக இருந்துகொண்டே வாதாட முடியாது. அதன்பின் அகில இந்திய பார் தேர்வு, 100 கேள்வி. குறிப்பில்லாத சட்டப் புத்தகங்களைக் கொண்டுபோகலாம்.

பிறகு கடலூர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியர். கேஸ் கட்டு சுமப்பது, டைரியில் வாய்தா குறிப்பது, சீனியர் வரும்வரை நீதிபதியிடம் அவகாசம் கேட்பது. ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாய், சென்னை, மதுரை, கோவையில் 20,000 தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சேரும் நாளிலேயே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.