ஒரு விமானம், பல கொடிகள்

1942 ஆம் ஆண்டு ஏப்பிரில் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு நகரும், 9 ஆம் திகதி திருகோணமலையும் யப்பானியரின் குண்டுவீச்சுக்கு இலக்காயின. 9 ஆம் திகதியன்றே மட்டக்களப்புக்கு அப்பாற்பட்ட கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அதனை மூழ்கடித்தவை தலைகீழாகப் பாய்ந்து குண்டு வீசும் விமானங்களாகும். அன்று இலங்கையைத் தாக்க வந்த விமானந்தாங்கிகள் ஐந்து. அவற்றுள் 'அக்காகி', 'சோரியு', 'ஹிரியு' என்னும் மூன்றும் இரண்டே மாதங்களில், மிட்வே தீவுக்கு அண்மையில், அதே போர்முறைக்கு இரையாயின. அவற்றை வீழ்த்திய அமெரிக்க விமானத்தின் பெயர் 'டோண்ட்லெஸ்'. அஞ்சாதது என்பது அதன் பொருள்.

ஓடும் கப்பலின்மீது உயரத்திலிருந்து நேராகப் பறந்து குண்டெறிந்தால் அது பெரும்பாலும் கடலிலேயே விழும். ஆகவே விமானி கப்பலை நோக்கி ஏறக்குறைய எழுபது பாகைச் சரிவிற் பாய்ந்து, அண்மையில் வந்து குண்டை விடுவான். பாயும் வேகம் கட்டுமீறாதிருக்கத் துளைகளிட்ட தடுப்புத் தட்டுகள் சிறகுகளின் பின்விளிம்பில் விரியும். டக்ளஸ் நிறுவனத்தின் எட் ஹைன்மன் தலைமையில் உருவாகிய இவ்விமானத்தின் சிறப்பு இதுவே.

இதன் முதல் வகை 1940 இல் அமெரிக்கக் கடற்படைத் தரைவீரரிடம் சேர்ந்தது. இரண்டாம் வகையில் எரிபொருட் கொள்ளளவு கூடிற்று. மூன்றாம் வகையிற் கவசமும், குண்டு துளைத்தாலும் தானே அடைபடும் எரிபொருட் தாங்கியும் அமைந்தன. நான்காம் வகையில் மின்னமைப்பு மாறியது. ஐந்தாம் வகை 1,200 பரிவலுப் பொறியையும், ஆறாம் வகை 1,350 பரிவலுப் பொறியையும் பெற்றன. 1944 இல் உற்பத்தி முடிந்தபோது எல்லா வகைகளுமாக ஏறத்தாழ 5,900 விமானங்கள் செய்யப்பட்டிருந்தன.

அமெரிக்கத் தரைப்படையும் இதனை விரும்பிற்று. கப்பலில் இறங்குவதற்கான வாற்கொக்கியை நீக்கி, 'ஏ-24' எனப் பெயரிட்டது. பிலிப்பைன்சுக்குப் புறப்பட்ட 52 விமானங்கள், போர் மூண்டதும் அவுஸ்திரேலியாவுக்குத் திருப்பப்பட்டன. அவற்றிற் சில யாவாவிலும், பின்னர் நியூகினியிலும் போரிட்டன. 1942 யூலையில் பூனாவுக்கு அண்மையில் ஒரு கப்பற்றொடரைத் தாக்கச் சென்ற ஏழு விமானங்களுள் ஒன்றே தளம் மீண்டது. தக்க காவலின்றி எதிரியின் போர்விமானங்களுக்கு நடுவே அகப்பட்டமையே அவ்வழிவுக்கு ஏதுவாயிற்று.

மிட்வேயில் அது வென்றதன் காரணம் யாது? அங்கு டொர்பீடோ விமானங்கள் பேரிழப்புடன் தாழப் பறந்து தாக்கின. யப்பானியக் காவல் விமானங்கள் அவற்றைத் துரத்திக் கீழே இறங்கின. மேலே வானம் காவலற்றிருந்த அச்சில நிமிடங்களில் டோண்ட்லெஸ் பாய்ந்தது. அவ்வெற்றியில் உயிரிழந்த டொர்பீடோ விமானிகளுக்கும் பங்குண்டு.

பிற நாடுகளிலும் இவ்வேறுபாடு விளங்கிற்று. பிரித்தானியா ஒன்பது விமானங்களைச் சோதித்து, காலங்கடந்தவை என ஒதுக்கியது. நியூசிலாந்தின் 25 ஆம் அணியோ அமெரிக்கரிடம் பெற்ற விமானங்களுடன் 1944 இல் பூகன்வில் தீவிலிருந்து புறப்பட்டு, இரபோல் பகுதியைத் தாக்கியது. பிரான்சியக் கடற்படை 1944 இன் பிற்பகுதியில் அத்திலாந்திக் கரையில் எஞ்சியிருந்த செர்மனியரை இவற்றாலே தாக்கிற்று. சில ஆண்டுகளின் பின், தன் நாட்டை ஆக்கிரமித்தவரை விரட்ட உதவிய அதே விமானத்தை, விடுதலை வேண்டிய இந்தோசீன மக்கள்மீது ஏவிற்று. அப்போது அது பறந்தெழுந்த 'டிக்ஸ்மூட்', 'அரோமான்ஸ்' என்னும் கப்பல்களும் முன்னாட் பிரித்தானியக் கப்பல்களே.

கொடி மாறிற்று, பெயர் மாறிற்று, விமானம் மாறவில்லை. அது ஓரிடத்தில் வென்றதும், பிறிதோரிடத்தில் வீழ்ந்ததும், மற்றோரிடத்தில் அடக்குமுறைக்குத் துணைபோனதும் மனிதர் அதனைச் செலுத்திய வகையாலேயே. அஞ்சாமை பெயரிலிருந்தது, அறிவும் அறமும் அதனை ஏவியவரிடம் இருக்கவேண்டியவை.