பாதி வெளிச்சம் தெரியலையா? பதற வேண்டாம்! கண் ‘ஃபீல்டு டெஸ்ட்’ எப்படி வேலை செய்கிறது?

கண் மருத்துவமனையில் சார்ட்டின் கடைசி வரி வரை சரளமாகப் படித்துவிடுவார்கள். பார்வை 6/6. “எல்லாம் நார்மல்தானே?” என்று எழுந்திருக்கும்போது, “எதுக்கும் ஒரு ஃபீல்டு டெஸ்ட் எடுத்துடலாம்” என்பார் டாக்டர். மங்கலான அறை, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவி, கையில் ஒரு பட்டன். முடித்துவிட்டு வெளியே வரும் பலரும் சொல்வது இதுதான்: “பாதி லைட் தெரியவே இல்ல... ஃபெயில் ஆயிட்டேன் போல!”

இல்லை. பாதி வெளிச்சம் தெரியாமல் போகும்படிதான் இந்தச் சோதனையே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

சார்ட் சொல்லாத விஷயம்

எழுத்து சார்ட் அளப்பது நடுப்பார்வையின் கூர்மையை மட்டும். ஆனால் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு கண்ணுக்கு வெளிப்பக்கம் சுமார் 90 டிகிரி, மூக்குப் பக்கமும் மேலேயும் சுமார் 60 டிகிரி, கீழே சுமார் 70 டிகிரி வரை தெரியும். இந்த மொத்தப் பரப்புதான் ‘விஷுவல் ஃபீல்டு’.

குளுக்கோமா எனும் கண் நீர் அழுத்த நோய் பார்வை நரம்பைத் தாக்கும்போது, பெரும்பாலும் நடுப்பகுதியை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தில் அங்கங்கே பார்வையைத் தின்னத் தொடங்கும். பொதுவாக வலி இருக்காது. கறுப்புத் திரை விழுந்த மாதிரியும் இருக்காது. ஒரு கண்ணில் விடுபட்டதை இன்னொரு கண் ஈடுகட்டும். மிச்சத்தை மூளை நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் சென்னை குளுக்கோமா ஆய்வில் நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர், அதுவரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை எல்லாமே மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான்.

விரலிலிருந்து கம்ப்யூட்டர் வரை

மிக எளிய முறைக்குக் கருவியே தேவையில்லை. டாக்டர் எதிரே உட்கார்ந்து, “என் கண்ணையே பாருங்க, எத்தனை விரல் தெரியுது?” என்று பக்கவாட்டில் விரல் காட்டுவார். பக்கவாதத்தால் பாதிப் பார்வை போனது போன்ற பெரிய இழப்பு இதில் தெரிந்துவிடும். ஆரம்பகட்ட குளுக்கோமா தப்பிவிடும்.

டென்மார்க் மருத்துவர் பியெர்ரம் 1889-ல், தன் அறைக் கதவின் பின்பக்கத்தையே திரையாக்கி, சின்ன வெள்ளைப் புள்ளியை நகர்த்திப் பார்வை விடுபடும் இடங்களை வரைந்தார். 1945-ல் சுவிட்சர்லாந்தின் கோல்ட்மேன் கிண்ண வடிவக் கருவியைக் கொண்டுவந்தார். இன்று அந்தக் கிண்ணத்தைக் கம்ப்யூட்டர் இயக்குகிறது. பல மருத்துவமனைகளில் இருக்கும் ‘ஹம்ஃப்ரி’ இந்த வகைதான்.

கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது?

ஒரு கண்ணை மூடிவிட்டு, இன்னொரு கண்ணால் நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். பரவலாகச் செய்யப்படும் ‘24-2’ சோதனையில் 54 இடங்களில் வெளிச்சம் மின்னும். ஒவ்வொன்றும் 0.2 விநாடிதான். ஓரிடத்தில் தெரிந்தது என்று பட்டனை அழுத்தினால், அடுத்த முறை அதே இடத்தில் இன்னும் மங்கலாக வரும். தெரியாவிட்டால் பிரகாசமாக வரும். ‘தெரியும், தெரியாது’ என்பதன் எல்லையைத்தான் கருவி தேடுகிறது. ஆரோக்கியமான கண்ணுக்கும் பல வெளிச்சங்கள் தெரியாமல் போவது இதனால்தான்.

நல்ல மார்க் வாங்க நினைத்தால் ஆபத்து

சிலர் பதற்றத்தில், ‘வந்திருக்கும்’ என்ற யூகத்திலேயே பட்டனைத் தட்டுவார்கள். அப்போது ரிப்போர்ட் உண்மையைவிட அழகாக வரும்; நோய் ஒளிந்துகொள்ளும். இதைப் பிடிக்கக் கருவியிலும் வழி உண்டு. வெளிச்சமே வராத நேரத்தில் பட்டன் அழுத்தப்படுகிறதா என்று பார்க்கும். இயல்பாகவே எதுவும் தெரியாத ‘குருட்டுப் புள்ளி’யில் வெளிச்சம் போடும், அதற்கும் அழுத்தினால், கண் நடுப்புள்ளியிலிருந்து விலகியிருக்க வாய்ப்பு உண்டு.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். தொங்கும் இமை, கண் முன் வைத்த லென்ஸின் விளிம்பு, சோர்வு, முதல்முறைப் பழக்கமின்மை என எதுவும் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டலாம். அதனால்தான் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காமல் டாக்டர்கள் மீண்டும் எடுக்கச் சொல்கிறார்கள். ஃபீல்டு டெஸ்ட்டில் குறை தெரிவதற்கு முன்பே கணிசமான நரம்பிழைகள் அழிந்திருக்கலாம் என்பதால், ‘ஓசிடி’ ஸ்கேனையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்.

போகும்முன் கவனிக்க...

* நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். கண்ணாடி, பழைய ரிப்போர்ட்கள் கையில் இருக்கட்டும்.
* வெளிச்சத்தைத் தேடிக் கண்ணை அலையவிட வேண்டாம். நடுப்புள்ளி மட்டுமே இலக்கு.
* கண் சிமிட்டலாம். களைப்பாக இருந்தால் சொல்லுங்கள். சோதனையை நிறுத்தித் தொடர முடியும்.
* சந்தேகமாக இருந்தால் யூகிக்க வேண்டாம். மங்கலாகவேனும் தெரிந்தால் அழுத்துங்கள்.

யாருக்கு அவசியம்?

பெற்றோர், உடன்பிறந்தோருக்கு குளுக்கோமா இருப்பவர்கள், 40 வயதைக் கடந்தவர்கள், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கண் நரம்பையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஃபீல்டு டெஸ்ட் தேவையா என்பதை அதன்பிறகு டாக்டர் சொல்வார். அப்பாவோ அம்மாவோ குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்து போடுகிறார் என்றால், அடுத்த செக்கப்புக்கு அவரை அழைத்துப்போகும்போது உங்கள் பெயரிலும் ஒரு டோக்கன் வாங்கிவிடுங்கள்.