நீந்துவது பிள்ளை, மூச்சிரைப்பது பெற்றோர்

விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் சென்னையின் நீச்சல் குளங்களில் கூட்டம் கூடிவிடுகிறது. தண்ணீருக்குள் இருப்பவர்கள் எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள். கரையில் இருப்பவர்கள் அவர்களைப் பெற்றவர்கள். 1995-ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகமானாலும், பள்ளிகளிலும் மன்றங்களிலும் உள்ள சிறு குளங்களானாலும் இக்காட்சி ஒன்றுபோலவே இருக்கும். இருள் பிரியுமுன் எழுந்து, பால் காய்ச்சி, பையைக் கட்டி, வண்டியோட்டி, ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, பின்னர்ப் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அதற்குமேல் தம் அலுவலுக்குச் செல்லும் இப்பெற்றோர் இல்லையேல் இளையோர் நீச்சல் என்பதே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுவது எங்கள் கடமை.

எனினும் அதே கரையில் சில பழக்கங்களும் வேரூன்றியிருக்கின்றன. அவை பயிற்சியாளரை எரிச்சலூட்டுகின்றன; அருகில் அமர்ந்திருக்கும் மற்றப் பெற்றோரை முகம் சுளிக்கவைக்கின்றன. அவ்வளவோடு நின்றிருந்தால் அதனை ஒரு மருத்துவமனை இதழில் எழுத வேண்டியதில்லை. அப்பழக்கங்களின் விளைவுகள் பல வேளைகளில் எங்கள் விளையாட்டு மருத்துவப் பிரிவின் வாசலில் வந்து நிற்கின்றன. அதனாலேயே எழுதுகிறோம்.

கரையில் காண்பவை

ஸ்டாப்வாட்ச்சுடன் வந்து ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறித்து, தம் பிள்ளையின் நேரத்தோடு அடுத்த தடத்தில் நீந்தும் பிள்ளையின் நேரத்தையும் சேர்த்து எழுதிக்கொள்பவர் ஒருவர். பயிற்சியாளர் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கையில் மறுகரையில் குனிந்து நின்று, “காலை வேகமாக அடி” என்று வேறொன்று சொல்பவர் மற்றொருவர். தலை நீருக்குள் இருக்கும் பிள்ளைக்கு இருவர் சொல்வதும் கேட்பதில்லை. கரைக்கு வந்து மூச்சு வாங்கும் சில நொடிகளில் யாரைப் பார்ப்பது என்பதுதான் அதற்குத் தெரிவதில்லை.

போட்டி நாள் வந்துவிட்டால் பார்வையாளர் பகுதியின் முன்வரிசையைத் துண்டு போட்டுப் பிடித்துவைப்பது, தொடக்க ஒலிக்கு முந்திய அமைதியில் பிள்ளையின் பெயரைக் கூவுவது, தம் பிள்ளையைப் படமெடுக்கும்போது நீச்சலுடையில் நிற்கும் பிறர் பிள்ளைகளையும் சேர்த்தெடுத்து வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது ஆகியவை இயல்பாகிவிடுகின்றன. இவற்றுள் இறுதியாகச் சொன்னது வெறும் நாகரிகக் குறை அன்று. பிறர் குழந்தையின் பாதுகாப்பைப் பற்றியது. அனுமதியின்றி அதைச் செய்யவே கூடாது.

நடுவரோடு வழக்காடுவது மற்றொரு வழக்கம். பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை ஆகிய இரண்டிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவிலும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும் என்பது விதி. ஒரு கை சற்றே முந்தினாலும் தகுதிநீக்கம்தான். நடுவர் அந்தத் தடத்தின் முனையில் நின்று மேலிருந்து பார்க்கிறார். பெற்றோரோ தொலைவில் இருக்கையிலிருந்து பார்க்கிறார். யார் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தகுதிநீக்கம் பெற்ற பிள்ளை அடுத்த போட்டியில் அத்தவற்றைத் திருத்திக்கொள்ளும். தன் பொருட்டுத் தந்தை அனைவர் முன்னிலையிலும் குரலுயர்த்தியதை மறக்க அதற்கு நெடுங்காலம் ஆகும்.

வலியை மறைக்கும் பிள்ளை

இளம் நீச்சல் வீரர்கள் எங்களிடம் வருவதற்கு முதன்மையான காரணம் தோள்வலி. கென்னடி, ஹாக்கின்ஸ் என்னும் மருத்துவர்கள் 1974-இல் இதனை ‘நீச்சல் வீரர் தோள்’ என்று பெயரிட்டு விவரித்தனர். காரணத்தைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு நாளில் 5 கிலோமீட்டர் நீந்தும் பிள்ளை 50 மீட்டர் குளத்தை 100 முறை கடக்கிறது. ஒரு முறை கடக்க 40 கைவீச்சு என்று கொண்டால் மொத்தம் 4,000 வீச்சு. ஒவ்வொரு தோளுக்கும் 2,000. களைப்பு மிகும்போது முழங்கை தாழ்கிறது. தோள்பட்டை எலும்பைப் பிடித்துநிறுத்தும் தசைகள் தளர்கின்றன. தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் ஒவ்வொரு வீச்சிலும் அழுத்தப்பட்டு நைந்துபோகின்றன.

தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டால் சிகிச்சை எளிது. நீந்தும் தொலைவைக் குறைத்து, கைவீச்சு முறையைத் திருத்தி, தோள்பட்டைத் தசைகளுக்கு உரிய பிசியோதெரபி பயிற்சிகளைச் செய்தால் பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகிவிடும். வலியைப் பொறுத்துக்கொண்டு நீந்திய பிள்ளைக்கோ பல மாதங்கள் தேவைப்படலாம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிள்ளை எப்போது வாய் திறக்கிறது என்பதே.

புறநோயாளர் அறையில் நாங்கள் அடிக்கடி காண்பது இது. “தோள் எப்போதிருந்து வலிக்கிறது?” என்று பிள்ளையைக் கேட்கிறோம். விடை தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வருகிறது: “அதிகமில்லை டாக்டர், இந்த வாரந்தான். அடுத்த ஞாயிறு மாவட்டப் போட்டி இருக்கிறது. அதற்குள் சரியாகிவிடுமல்லவா?” மீண்டும் பிள்ளையையே கேட்டால், அது விடை சொல்லுமுன் பெற்றோரின் முகத்தைப் பார்க்கிறது. அந்தப் பார்வையும் எங்களுக்கு ஒரு நோய்க்குறி. ஆகவே பதின்வயதுப் பிள்ளைகளிடம் சில நிமிடங்கள் தனியாகப் பேச விரும்புகிறோம். இது பெற்றோர்மீது நம்பிக்கையின்மை அன்று. நான்கு மாதமாக வலிக்கிறது, சொன்னால் அம்மா வருத்தப்படுவார் என்னும் செய்தி அந்தச் சில நிமிடங்களில்தான் வெளிவருகிறது.

“ஊசி ஒன்று போட்டுவிட முடியாதா?” என்ற வேண்டுகோளும் வருகிறது. வளரும் எலும்புகளின் முனைகளில் வளர்தட்டுகள் உள்ளன; அங்கு நேரும் காயத்துக்கு வலி ஒன்றே எச்சரிக்கை. அவ்வெச்சரிக்கையை ஊசியால் அடக்கிவிட்டு ஒரு பதக்கத்துக்காகப் பிள்ளையை நீரில் இறக்குவதற்கு நாங்கள் உடன்படுவதில்லை.

ஒப்பிடுதல் ஏன் பிழையாகிறது?

“அவளும் பன்னிரண்டு, என் மகளும் பன்னிரண்டு. அவள் மட்டும் எப்படி மூன்று நொடி முந்துகிறாள்?” என்று பெற்றோர் கேட்கின்றனர். பிறந்த ஆண்டு ஒன்றாயிருப்பதால் உடலின் வயதும் ஒன்றாகிவிடாது. பெண்பிள்ளைகள் பொதுவாக 12 வயதையொட்டியும் ஆண்பிள்ளைகள் 14 வயதையொட்டியும் மிக விரைவாக உயர்கின்றனர். ஆனால் ஒருவருக்கொருவர் ஓரிரு ஆண்டு முன்பின்னாவது முற்றிலும் இயல்பு. முன்னதாக வளர்ந்த பிள்ளைக்கு நீண்ட கையும் பெரிய பாதமும் வலிய தசையும் இருக்கும். இப்போது அது வெல்லும். பிந்தி வளரும் பிள்ளை பின்னாளில் எட்டிப்பிடிக்கலாம், அதுவரை குளத்தைவிட்டு விலகாதிருந்தால்! இன்று மூன்று நொடிக்காக நாள்தோறும் வசை கேட்கும் பிள்ளை அந்நாள்வரை குளத்தில் இருப்பதில்லை.

இந்த ஏக்கம் சிலரை வயதைக் குறைத்துக் காட்டவும் தூண்டுகிறது. அதற்கென மருத்துவச் சான்றிதழ் கேட்டு வருவோருக்கு எங்கள் விடை இல்லை என்பதே. மணிக்கட்டின் எக்ஸ்ரே எலும்பின் முதிர்ச்சியைக் காட்டிவிடும் என்பது ஒருபுறமிருக்க, பொய்யான வயதுப் பிரிவில் பெறும் பதக்கத்தால் தன் பெற்றோர் பொய்யுரைப்பர் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

உறக்கம், ஓய்வு, உணவு

ஆறு முதல் 12 வயதினருக்கு நாள்தோறும் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. ஐந்தரைக்குக் குளத்தில் இருக்க வேண்டுமாயின் நாலே முக்காலுக்கு எழ வேண்டும். அப்படியாயின் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முந்தைய இரவு ஏழே முக்காலுக்கு உறங்கியிருக்க வேண்டும். நம் வீடுகளில் அந்நேரத்தில்தான் டியூஷன் நடந்துகொண்டிருக்கிறது. உறக்கம் குறைந்த உடலில் தசை பழுது நீங்குவதில்லை. பாடமும் மனத்தில் தங்குவதில்லை. வாரத்தில் எத்தனை நாள் காலைப் பயிற்சி என்பதைப் பயிற்சியாளரோடு அமர்ந்து மறுபடியும் திட்டமிடுங்கள்.

பயிற்சியாளர் விடுமுறை அளித்த நாளில் வேறொரு குளத்தில் தனிப்பயிற்சிக்கு அழைத்துச்செல்வதும் பரவலாகக் காணப்படுகிறது. வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நாள் முழு ஓய்வு, ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, அவ்விளையாட்டிலிருந்து விடுப்பு, 15 அல்லது 16 வயதுவரை ஒரே விளையாட்டில் மட்டும் ஈடுபடாதிருத்தல் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே.

நீச்சலுடையில் நிற்கும் மகளைப் பார்த்து, “எடை போட்டுவிட்டாய்” என்று சொல்வது மிகுந்த தீங்கு விளைவிக்கும். செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத பிள்ளைக்கு மாதவிடாய் தடைப்படும், எலும்பு வலுவிழக்கும், வளர்ச்சி தளரும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் இந்நிலையை விரிவாக வரையறுத்தது; ஆண்பிள்ளைகளுக்கும் இது நேரும். பயிற்சி முடிந்தவுடன் வாழைப்பழம், வேர்க்கடலை, இட்லி, முட்டை, பால் ஆகியவற்றுள் கிடைப்பதைக் கொடுங்கள். டப்பாவில் விற்கும் புரதப்பொடி பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவையற்றது.

மருந்து குறித்தும் ஒரு சொல். சளிக்கெனக் கடையில் வாங்கும் சில மருந்துகளில் சூடோஎபிட்ரின் உள்ளது. போட்டியின்போது அது சிறுநீரில் குறித்த அளவை மீறினால் ஊக்கமருந்துக் குற்றமாகும். மாறாக, ஆஸ்துமா உள்ள பிள்ளையின் சால்பியூட்டமால் இன்ஹேலர் வரையறுத்த அளவுக்குள் அனுமதிக்கப்பட்டதே. அஞ்சி அதை நிறுத்திவிடாதீர்கள்.

பெற்றோர் ஏன் இப்படி ஆகின்றனர்?

பழிப்பதற்காக இதை எழுதவில்லை. பயிற்சிக் கட்டணம், நீச்சலுடை, வெளியூர்ப் போட்டிக்கான பயணம் என்று குடும்பம் தன் வருவாயில் பெரும்பங்கைச் செலவிடுகிறது. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும், படிப்பு பின்தங்கிவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்து அழுத்துகின்றன. அந்த அழுத்தம் கடைசியில் இறங்குமிடம் பிள்ளையின் தோள். மேலும், கரையில் நின்று கட்டளையிடும் பெற்றோரில் பலருக்கு நீச்சலே தெரியாது. அத்தகையோருக்கு நாங்கள் சொல்வது, பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்து நீங்களும் ஒரு மாதம் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே. 25 மீட்டரை மூச்சுத்திணறக் கடந்த பிறகு எவரும், “ஏன் மெதுவாகப் போனாய்?” என்று கேட்பதில்லை. போட்டிகளில் நேரம் குறிக்கத் தன்னார்வலர் தேவைப்பட்டால் பெயர் கொடுங்கள். கைக்கு வேலையும் கிடைக்கும். நடுவரின் பணி எத்தகையது என்பதும் விளங்கும்.

போட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில் பிள்ளைக்கு ஆய்வுரை தேவையில்லை. தொடக்கத்தில் தாமதித்தது, திருப்பத்தில் வழுக்கியது எல்லாம் அதற்கே தெரியும். “பசிக்கிறதா? எங்கே சாப்பிடலாம்?” என்ற கேள்வி போதும். நீச்சலைப் பற்றிப் பேச விரும்பினால் அதுவே தொடங்கட்டும். பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவற்றைப் பயிற்சி நேரத்தில் அன்றி, முன்கூட்டி நேரம் கேட்டுப் பெற்றுத் தனியே கேளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

• தோள், முழங்கால் அல்லது முதுகு வலி பயிற்சி முடிந்த பின்னும் தொடர்ந்தாலோ, இரவில் உறக்கத்தைக் கெடுத்தாலோ.
• குளத்தில் இறங்கியதும் இருமல், இளைப்பு, நெஞ்சு இறுக்கம் ஏற்பட்டால்.
• காதைத் தொட்டாலே வலி, சீழ் அல்லது நீர் வடிதல் இருந்தால்.
• 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால், அல்லது வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றுவிட்டால்.
• முன்பு விரும்பிச் சென்ற பிள்ளை பயிற்சி நாள்களில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி என்று சொல்லத் தொடங்கினால், அல்லது உறக்கமும் பசியும் குறைந்து எரிச்சல் மிகுந்தால்.

இறுதியாகச் சொன்னதைப் பலர் ‘சாக்கு’ என்று தள்ளிவிடுகின்றனர். அது சாக்காகவே இருந்தாலும், பிள்ளை ஏன் சாக்குத் தேட வேண்டியிருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். வருகையின்போது பயிற்சி அட்டவணையையும், நாள்தோறும் நீந்தும் தொலைவையும் குறித்துக்கொண்டு வாருங்கள். பதக்கப் பட்டியல் எங்களுக்குத் தேவைப்படாது. கேள்விகளுக்கான விடையைப் பிள்ளையே சொல்லட்டும். அது யோசித்துச் சொல்லும்வரை நாம் அனைவரும் காத்திருப்போம்.