விரைந்த இணைப்பும் தயங்கும் காணொளியும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். நொடிக்கு 100 மெகாபிட் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட இணைய இணைப்பு அவ்வீட்டில் இருக்கிறது. கட்டணமும் மாதந்தோறும் தவறாமல் செலுத்தப்படுகிறது. ஆயினும் இரவு எட்டு மணிக்கு மாணவி ஒருத்தி அறிவியல் பாடக் காணொளியைத் திறந்தால், முதலில் படம் மங்குகிறது, பிறகு நின்றுவிடுகிறது, திரையின் நடுவே ஒரு வட்டம் சுழலத் தொடங்குகிறது. வேகச் சோதனை செய்து பார்த்தாலோ 95 என்று எண் காட்டுகிறது. மறுநாள் வகுப்பில், "இணையம் மெதுவாக இருந்தது, ஐயா" என்று அவள் சொன்னால் ஆசிரியர் நம்புவாரா?

இது சிறிய கேள்வி அன்று. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது பாடங்கள் வீடு தேடிச் சென்றன. பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் காணொளிப் பாடம் நம் கற்பித்தலில் நிலைத்துவிட்டது. ஆகவே, காணொளி ஏன் தயங்குகிறது என்பதை அறியாத ஆசிரியர், மாணவரின் முயற்சியையே தவறாக மதிப்பிடும் நிலை ஏற்படலாம். வேகமான இணைப்பில் காணொளி மெதுவாக வருவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் படிப்படியாக விளக்க முற்படுவோம்.

வேகம் என்னும் சொல்

குழப்பத்தின் முதல் காரணம் நாம் ஆளும் சொல்லிலேயே உள்ளது. நொடிக்கு 100 மெகாபிட் என்பதை நாம் வேகம் என்கிறோம். உண்மையில் அது கொள்ளளவு. ஒரு நொடியில் எவ்வளவு தரவு அவ்வழியே செல்ல இயலும் என்பதற்கான அளவு. ஒரு பிட் புறப்பட்டு வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பது வேறு அளவு. அதனைச் சுணக்கம் எனலாம். அனுப்பிய தரவில் வழியிலேயே தொலைந்துபோகும் பகுதி மூன்றாவது அளவு, அது இழப்பு. இம்மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதனால், ஒன்று நன்றாக இருந்தால் மற்றவையும் நன்றாக இருக்கும் என்று கருதிவிடுகிறோம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். இணைப்பின் அளவு பிட்டில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவு பைட்டில் சொல்லப்படுகிறது. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எனவே நொடிக்கு 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே. 100 மெகாபைட் கோப்பு ஒரு நொடியில் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. எல்லாம் சீராக இருந்தாலும் எட்டு நொடிகள் ஆகும்.

அப்படியிருந்தும், முழு உயர்தரக் காணொளிக்கு நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். நம் மாணவியின் வீட்டு இணைப்பு அதைப்போல் இருபது மடங்கு பெரியது. ஆகவே குறை அந்த எண்ணில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

காணொளி வரும் வழி

காணொளி ஒரே நீண்ட பொருளாக வருவதில்லை. சில நொடிகள் ஓடக்கூடிய சிறு துண்டுகளாக அது வெட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் பல தரங்களில், அதாவது மங்கலான சிறு கோப்பாகவும் தெளிவான பெருங்கோப்பாகவும், தனித்தனியே சேமிக்கப்பட்டிருக்கும். நம் கருவி ஒரு துண்டைக் கேட்டுப் பெறுகிறது. அது வந்த நேரத்தை அளக்கிறது. அதற்கேற்ப அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்கிறது. வந்த துண்டுகள் இடையகம் என்னும் தற்காலிகச் சேமிப்பில் காத்திருந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் திரைக்குச் செல்கின்றன. மலைப்பகுதி வீடுகளில் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பதைப் போன்றது இது. குழாயில் நீர் சற்று நின்றாலும் தொட்டியில் நீர் உள்ளவரை வீட்டில் தட்டுப்பாடு தெரிவதில்லை. தொட்டி வற்றினால்தான் வட்டம் சுழல்கிறது. முதலில் படம் மங்குவது, தொட்டி வற்றாமல் இருக்கக் கருவி எடுக்கும் முயற்சியே ஆகும்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அத்துண்டுகள் வரும் வழியில் குறுகிய இடம் எது?

கேமரன் மலைக்கு வருவோர் இதனை எளிதில் உணர்வர். கோலாலம்பூரிலிருந்து தாப்பா வரை அகன்ற நெடுஞ்சாலை. அங்கிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறுவது வளைவுகள் நிறைந்த மலைச்சாலை. பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கை நெருங்கும்போது வண்டிகள் ஊர்கின்றன. நம் வீட்டு வாசலில் எவ்வளவு அகலமான பாதை போட்டிருந்தாலும், பிரிஞ்சாங்கில் நெரிசல் என்றால் விருந்தினர் தாமதமாகத்தான் வருவர். பயண நேரத்தை முடிவு செய்வது மிகக் குறுகிய இடமே.

குறுகும் இடங்கள்

முதல் இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ள எண் திசைவிப் பெட்டி வரைக்கும்தான். அதற்கப்பால் அருகலை எனப்படும் வைஃபை. இது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னது தொலைவு செல்லும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே உள்ளன. சுவரோடு சுவர் ஒட்டிய லயன் வீடுகளில் பத்துத் திசைவிகள் இருந்தால், பத்தும் அந்த மூன்று தடங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பின்னது நெரிசல் குறைந்தது. ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். துத்தநாகத் தகடு இரண்டையுமே திருப்பி அனுப்பிவிடும். திசைவி முன்கூடத்தில் இருக்க, மாணவி பின்கட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்து படித்தால், நூற்றில் சிறு பங்கே அவளை எட்டும்.

இரண்டாம் இடம் மலை. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தைக் குறித்துச் சென்றார், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தேயிலைக்குச் சரிவும் பனிமூட்டமும் மழையும் ஏற்றவை. வானொலி அலைகளுக்கோ சரிவும் கனமழையும் பகை. கோபுரமும் கருவியும் ஒன்றையொன்று தடையின்றிக் கண்டால்தான் அலை நன்கு எட்டும்; மலை மடிப்புகளுக்குள் அமைந்த குடியிருப்புகளுக்கு அது வாய்ப்பதில்லை. ஒளியிழை எட்டாத இடங்களில் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு நுண்ணலை வழியே தரவு தாவிச் செல்கிறது. ஏறத்தாழ 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நுண்ணலைகளைக் கனமழை வலுவிழக்கச் செய்யும். ஒளியிழை வந்த இடங்களிலும் ஒரு குடியிருப்பின் எல்லா வீடுகளுக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு. வேலை முடிந்து அனைவரும் திரையின்முன் அமரும் இரவு நேரத்தில் அப்பொதுவழி நிரம்பிவிடுகிறது.

இங்கே ஒரு பொது உண்மையையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2020இல் அறிவிக்கப்பட்ட ஜென்டேலா தேசியத் திட்டம், அதன் முதற்கட்டத்தில் கைப்பேசி இணையத்தின் சராசரி வேகத்தை நொடிக்கு 35 மெகாபிட்டாக உயர்த்த இலக்கு வைத்தது. இலக்கு நல்லதே. ஆனால் சராசரி என்பது கோபுரத்தின் கீழ் இருப்பவரையும் பள்ளத்தாக்கில் இருப்பவரையும் கூட்டி வகுத்த எண். பள்ளத்தாக்கில் இருப்பவரின் நிலையை அது காட்டாது.

மூன்றாம் இடம் நம் கண்ணுக்கே தெரியாதது. இணையம் என்பது ஒரே வலை அன்று. தனித்தனி நிறுவனங்களின் வலைகள் ஒன்றோடொன்று இணைந்த வலை. அவை சந்திக்கும் வாயில்கள் குறுகினால், இருபுறமும் அகன்ற சாலை இருந்தும் பயனில்லை. அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டின் இறுதியில் காம்காஸ்ட் வலையைப் பயன்படுத்தியோருக்கு நெட்ஃபிளிக்ஸ் காணொளிகள் தடுமாறின. 2014 பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் நேரடியாக இணைந்துகொள்ள உடன்பட்டன. சில வாரங்களிலேயே காணொளி வேகம் உயர்ந்தது. தங்கள் வீட்டுக் கம்பியையோ திட்டத்தையோ மாற்றாதவர்களும் அம்முன்னேற்றத்தைக் கண்டனர். குறை வாயிலில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மலேசியாவில் உள்நாட்டு வலைகள் தம்முள் தரவைப் பரிமாறிக்கொள்ள 2006இல் மலேசிய இணையப் பரிமாற்ற மையம் தொடங்கப்பட்டது. பக்கத்து ஊருக்குச் செல்ல வேண்டிய தரவு அயல்நாடு சுற்றி வராமல் இருக்க இத்தகைய மையங்கள் உதவுகின்றன.

நான்காம் இடம் தொலைவு. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. அமெரிக்க மேற்குக் கரை இங்கிருந்து ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். போய்வரக் குறைந்தது 140 மில்லிநொடி. நடைமுறையில் 200 வரை ஆகும். தரவை அனுப்பும் வழங்கி, குறிப்பிட்ட அளவை அனுப்பிவிட்டு, 'வந்து சேர்ந்தது' என்னும் மறுமொழிக்காகக் காத்திருக்கும். பழைய நெறிமுறைப்படி அவ்வளவு 64 கிலோபைட். மறுமொழிக்கு 200 மில்லிநொடி ஆனால், இணைப்பு எத்துணைப் பெரிதாயினும் நொடிக்கு 2.6 மெகாபிட்டுக்கு மேல் பெற இயலாது. மறுமொழி 10 மில்லிநொடியில் வந்தால் அதே முறையில் 52 மெகாபிட் கிடைக்கும். இன்றைய கருவிகள் அவ்வளவைப் பெருக்கிக்கொண்டன. எனினும் வழியில் இழப்பு நேர்ந்தால் வழங்கி தன் நடையைத் தளர்த்திக்கொள்ளும். தொலைவு கூடினால் பழைய நடைக்கு மீள நெடுநேரமாகும்.

இந்தத் தளர்வுக்கு ஒரு வரலாறு உண்டு. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த பரிமாற்றம் 40 பிட்டாக வீழ்ந்தது. இரண்டுக்கும் இடைத்தொலைவு நானூறு கஜமே. நெரிசலில் தொலைந்த தரவை ஒவ்வொரு கணினியும் மீண்டும் மீண்டும் அனுப்பி, நெரிசலை மேலும் பெருக்கியதே காரணம். இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், இழப்பைக் கண்டதும் அனுப்பும் அளவைக் குறைத்து, பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டும் முறையை வகுத்தார். இணையம் இன்றும் நிலைகுலையாமல் இருப்பதற்கு அவ்வடக்கம் ஒரு முதன்மைக் காரணம்.

தொலைவைக் குறைக்கவே பெரிய காணொளி நிறுவனங்கள் தம் படங்களின் படிகளைப் பல நாடுகளில், பயனருக்கு அருகிலுள்ள வழங்கிகளில் வைக்கின்றன. பலரும் பார்க்கும் படம் அருகிலிருந்து வரும். சிலரே பார்க்கும் தமிழ்ப் பாடக் காணொளி தொலைவிலுள்ள மூலத்திலிருந்து வர நேரிடலாம். ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், திரைப்படம் ஓடுவதும் பாடம் நிற்பதும் இதனால் நிகழக்கூடும்.

எண் ஏன் 95 காட்டியது?

இப்போது இதற்கு விடை காணலாம். வேகச் சோதனை பொதுவாக மிக அருகிலுள்ள வழங்கியைத் தேர்ந்தெடுக்கிறது. அது பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் வலைக்குள்ளோ அதன் வாசலிலோ இருக்கும். அச்சோதனை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு விடை தருகிறது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சாலை காலியாக இருக்கிறது என்கிறது. பாடமோ அதற்கும் அப்பாலிருந்து வருகிறது.

நாம் செய்யத்தக்கவை

முதலில், அளப்போம். திசைவியோடு கம்பிவழி இணைத்துப் பார்த்தால் காணொளி சீராகிறதா? ஆகின் குறை அருகலையில். அதிகாலையில் ஓடும் காணொளி இரவில் நிற்கிறதா? ஆகின் பொதுவழியிலோ வாயிலிலோ நெரிசல். ஒரு தளத்தின் காணொளி மட்டும் நிற்க, பிறவெல்லாம் ஓடுகின்றனவா? ஆகின் அத்தளத்துக்குச் செல்லும் வழியில் குறை. நாள், நேரம், கண்டது ஆகியவற்றை ஒரு வாரம் எழுதி வைத்தால், சேவை நிறுவனத்திடமோ மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமோ முறையிடும்போது அக்குறிப்பு வலுச்சேர்க்கும். மாணவர்க்கு இதுவே நல்லதோர் அறிவியல் பயிற்சியும் ஆகும்.

அடுத்து, ஆசிரியர் தம் பாடத்தின் எடையை அறிய வேண்டும். அரை மணிநேரப் பாடம் நொடிக்கு 5 மெகாபிட் தரத்தில் 1,125 மெகாபைட் ஆகும். அதே பாடம் 0.7 மெகாபிட்டில் ஏறத்தாழ 158 மெகாபைட். குரலை மட்டும் 64 கிலோபிட்டில் பதிவு செய்தால் 14.4 மெகாபைட். கரும்பலகையும் குரலும் கொண்ட பாடத்துக்குக் குறைந்த தரமே பெரும்பாலும் போதும். 2020 மார்ச்சில் உலகெங்கும் இணையம் நெருக்கடிக்கு உள்ளானபோது யூடியூப் நிறுவனமே தன் இயல்புத் தரத்தைக் குறைத்துக்கொண்டது. பெருநிறுவனம் செய்ததை நாமும் செய்வதில் தாழ்வில்லை. பாடத்தைப் பதிவிறக்கம் செய்யத்தக்க கோப்பாகவும் கொடுத்தால், நெரிசலற்ற அதிகாலையில் அதனை இறக்கி வைத்துக்கொண்டு மாலையில் தடையின்றிப் பார்க்கலாம்.

இறுதியாக, சொல்லைத் திருத்திக்கொள்வோம். 'உன் வீட்டு இணையத்தின் வேகம் என்ன?' என்னும் கேள்விக்கு ஓர் எண் விடையாக வரும். அதனால் எதுவும் விளங்காது. 'காணொளி எப்போது நிற்கிறது? எங்கே அமர்ந்து பார்க்கிறாய்? வேறெதுவும் நிற்கிறதா?' என்று கேட்டால் காரணம் வெளிப்படும். பாடத்தைப் பார்க்க இயலவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் நாம் கேட்க வேண்டியவை இக்கேள்விகளே.