வாயும் செவியும்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர் ஒசூர். அங்கு வாணிகம் செய்வோர், எம்மொழியில் பேசுவது என்று தம்முள் இசைந்த பின்னரே விலை பேசுவர். இரு கணிப்பொறிகளை ஒரு வடத்தால் இணைப்பதும் இத்தகையதே.

ஒசூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒருவர் இல்லத்தில் பழைய கணிப்பொறி ஒன்றும் புதியது ஒன்றும் உள்ளன என்று கொள்வோம். பழையது எந்நாளும் நின்றுவிடலாம். அதனுள் இருப்பனவோ, பாட்டனார் பல்லாண்டு தட்டெழுதி வைத்த இலக்கண உரைக்குறிப்புகளும் குடும்பப் படங்களும். அவை 700 மெகாபைட் அளவின. முன்னாளில் வழங்கிய 1.44 மெகாபைட் நெகிழ்வட்டுகளில் ஏற்றினால் 487 வட்டுகள் வேண்டும்! நொடிக்கு 100 மெகாபிட் செலுத்தும் ஈதர்நெட் வடம் ஓரிரு நிமிடங்களில் அவற்றைக் கொண்டு சேர்க்கும்.

ஈதர்நெட் முறை 1973-இல் அமெரிக்காவில் ராபர்ட் மெட்காஃப் முதலானோரால் வகுக்கப்பட்டது. இன்று வழங்கும் வடத்தினுள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாய் முறுக்கப்பட்டிருக்கும். இம்முறுக்கு அழகுக்காக அன்று. புறத்தே எழும் மின்குழப்பம் செய்தியைக் கெடுக்காதிருத்தற் பொருட்டாகும். பெரும்பொறிகள் ஓயாது சுழலும் தொழிற்சாலைகளில் இதன் அருமை நன்கு புலப்படும்.

இவ்வேகத்தில் கணிப்பொறி 1, 2 ஆம் கம்பிகளால் பேசும்; 3, 6 ஆம் கம்பிகளால் கேட்கும். இரண்டையும் நேர்வடத்தால் இணைத்தால் என்னாகும்? வாய் வாயோடும், செவி செவியோடும் பொருந்தும். இரண்டும் பேசும், எதுவும் கேளாது. ஆதலின், ஒரு முனையில் 1-ஐ 3-உடனும், 2-ஐ 6-உடனும் மாற்றி அமைத்த குறுக்கு வடம் வேண்டியதாயிற்று. பிற்காலக் கணிப்பொறிகள் இம்மாற்றத்தைத் தாமே செய்துகொள்ளும். அவற்றுக்கு நேர்வடமே போதும்.

பின்னர், ஒன்றுக்கு 192.168.0.1 என்றும் மற்றதற்கு 192.168.0.2 என்றும் முகவரி தருதல் வேண்டும். இவை வீட்டினுள் மட்டும் செல்லும் முகவரிகள். பழையதில் கோப்புகள் உள்ள உறையைப் பகிர்வுக்குத் திறந்து வைத்தால், புதியதிலிருந்து அவற்றைப் படியெடுக்கலாம். படிகளைத் திறந்து பார்க்கும் முன் மூலத்தை அழித்தல் ஆகாது.

மாணவர்களே, கோப்பு பழுதின்றி வந்தும் பாட்டனாரின் தமிழ் பொருளற்ற குறிகளாய்த் தோன்றுதல் உண்டு. முற்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண்களை வழங்கியதே காரணம். இதனை நீக்கவே 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பொதுக்குறிமுறைகள் ஆராயப்பட்டன. இன்று யூனிகோடு பெருவழக்காயிற்று. பழைய எழுத்துருக் கோப்பையும் உடன் படியெடுத்துக்கொண்டால், அக்குறிப்புகளை முன்போலவே படிக்கலாம். யூனிகோடுக்கு மாற்றும்போது ஒப்புநோக்கவும் அது துணையாகும்.