சீன மரபுத்தொடர்களில் இசையும் கேட்போரும்

சீன மொழியில் 'செங்யு' எனப்படும் மரபுத்தொடர்கள் பெரும்பாலும் நான்கு எழுத்துகளால் ஆனவை. ஓர் எழுத்து ஓர் அசையாக ஒலிப்பதால் நான்கே அசைகளில் தொடர் முடிந்துவிடும். அந்த நான்கு அசைகளுக்குப் பின்னால் ஒரு பழங்கதையோ வரலாற்று நிகழ்வோ மெய்யியல் நூலின் ஒரு பகுதியோ அமைந்திருப்பது பெருவழக்கு. கதை அறியாதவர்க்குச் சொற்பொருள் விளங்கும், கருத்துப் புலப்படாது. இசையையும் ஒலியையும் பற்றிய செங்யுகளின் மூலக்கதைகளை ஒருசேர வைத்து நோக்கினால் ஒரு தன்மை தெளிவாகத் தெரிகிறது. கதையின் திருப்பம் இசைப்பவரின் கைத்திறனில் அமைவதைக் காட்டிலும் கேட்பவரின் செவியில் அமைவதே மிகுதி.

இவற்றுள் பெரிதும் போற்றப்படுவது 'உயர்மலை, ஓடுநீர்' என்னும் பொருள்தரும் 'காவ் ஷான் லியு ஷுய்'. போ யா என்பவர் 'சின்' என்னும் நரம்புக்கருவியை மீட்டுவதில் வல்லவர். கிடையாக வைத்து விரல்களால் மீட்டப்படும் இக்கருவி பிற்காலத்தில் ஏழு நரம்புகளோடு நிலைபெற்றது. மலையை மனத்தில் எண்ணிப் போ யா மீட்டினால், அருகிருந்த ஜோங் ஸிச்சி மலையின் உயர்ச்சியை வியப்பார். ஆற்றை எண்ணி மீட்டினால் நீரின் பெருக்கை வியப்பார். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'லூஷி சுன்சியு' என்னும் தொகைநூலில் இக்கதை துயரத்தில் முடிகிறது. ஸிச்சி இறந்தபின் போ யா கருவியை உடைத்து, நரம்புகளை அறுத்து, வாழ்நாள் முழுவதும் இசைப்பதைத் துறந்தார். 'லியேஸி' என்னும் நூலிலோ இறப்பு இல்லை. தம் எண்ணத்தை ஒலிக்குள் ஒளித்துவைக்க இயலவில்லையே எனப் போ யா வியப்பதோடு கதை நின்றுவிடுகிறது. இரண்டிலும் கலைஞரின் பெருமையை உறுதிசெய்பவர் கேட்பவரே. இக்கதையோடு பிணைந்து நிலைபெற்ற 'ஜி யின்' என்னும் சொல் 'ஒலியை அறிந்தவர்' என்று பொருள்படும். இன்றைய சீன மொழியில் உள்ளம் அறிந்த நண்பரைக் குறிக்கும் சொல் அதுவே. 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் பொன்தட்டில் 'ஓடுநீர்' என்னும் சின் இசை, குவான் பிங்ஹு மீட்டியவாறு, இடம்பெற்றுள்ளது. கேட்பார் உண்டா என்பதே தெரியாத வெளிக்கு அனுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான இசை அமைந்திருக்குமா என்பது ஐயமே.

மாட்டின் செவி

'மாட்டின் முன் சின் வாசித்தல்' என்னும் பொருள்தரும் 'துய் நியு தான் சின்' இன்று ஏளனச் சொல்லாக வழங்குகிறது. அறிவற்றவனிடம் அரிய செய்தியைச் சொல்லி வீணாவதை அது குறிக்கிறது. மூலநூலோ வேறொன்றைச் சொல்கிறது. கோங்மிங் யி என்னும் இசைவாணர் மாட்டின் முன் உயரிய பண் ஒன்றை மீட்டினார். மாடு தலைநிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தது. பின்னர் அவர் கொசுவின் ரீங்காரத்தையும் தாயைப் பிரிந்த கன்றின் கதறலையும் நரம்பில் எழுப்பினார். மாடு உடனே வாலைச் சுழற்றி, காதை விறைத்து, அங்குமிங்கும் அடியெடுத்து வைத்துக் கேட்டது. முதற்பண் மாட்டின் காதில் விழாமல் இல்லை, அந்தக் காதுக்கு அது ஒவ்வவில்லை என்பதே நூல் தரும் விளக்கம்.

இக்கதை வரும் இடம் கருதத்தக்கது. சீனாவில் பௌத்தம் வேரூன்றிய தொடக்கக் காலச் சூழலைக் காட்டும் 'மோவ்ஸி' என்னும் உரையாடல் நூல் அது. பௌத்தத்தை விளக்கும் நீர் பௌத்த நூல்களை விடுத்துக் கன்ஃபூசிய நூல்களையே மேற்கோள் காட்டுவது ஏன் என்று வினவுபவன் கேட்கிறான். அவன் அறிந்த நூல்களைக் கொண்டு பேசினால்தான் அவனுக்கு விளங்கும் என்று மோவ்ஸி விடையிறுக்கிறார். அதற்குச் சான்றாகவே மாட்டின் கதை வருகிறது. எனவே கதையின் மையம் கோங்மிங் யி தம் இசையை மாற்றிக்கொண்டதில் இருக்கிறது. நான்கு எழுத்துகளாகச் சுருங்கியபோது கதையின் முற்பகுதி மட்டுமே எஞ்சியது. கொசுவும் கன்றும் மறைந்தன. அவற்றோடு பழியும் இடம்மாறி, பேசியவரை விட்டுக் கேட்டவர்மேல் விழுந்தது.

இந்த இடமாற்றத்தை உணர்ந்து தொடரைத் திருப்பிப் பயன்படுத்தியவர் மா சேதுங். 1942 பிப்ரவரியில் கட்சி எழுத்தின் வறட்டு நடையைக் கண்டித்து ஆற்றிய உரையில், இத்தொடரிலிருந்து கேட்போரை இகழும் பொருளை நீக்கி, அவரை மதிக்கும் பொருளைப் பெய்தால், எஞ்சுவது வாசிப்பவனைப் பற்றிய நகைப்பே என்று அவர் விளக்கினார். அவர் மோவ்ஸியைச் சுட்டவில்லை. ஆயினும் தொடர் மூலக்கதையின் பக்கம் ஓரளவு திரும்பியது.

தமிழாக்கத்திலும் இது சிக்கல் தருவதே. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று பெயர்த்தால் பயன்பொருள் பொருந்தும். ஆனால் செவிடனுக்கு எந்த ஒலியும் கேளாது. சங்கை மாற்றி ஊதியும் பயனில்லை. மாட்டுக்கோ கேட்கும் திறன் உண்டு. மோவ்ஸியே அதே பகுதியில் செவிடர்க்கு இசை வாசித்தலைத் தனியோர் உவமையாகக் கூறியிருப்பதால், இரண்டையும் ஒன்றாக்குவது மூலத்தின் நுட்பத்தை இழப்பதாகும். 'மாட்டின் முன் மீட்டிய யாழ்' என நேராகப் பெயர்ப்பதே தக்கது.

அரண்மனைச் செவிகள்

எதிர்த்திசையில் நிற்பது 'சூ காவ் ஹ குவா': பாட்டு உயர உயர உடன்பாடுவோர் குறைவர். சோங் யூவின் பெயரால் வழங்கும் உரையாடலில், மக்கள் உம்மைப் புகழாதது ஏன் என்று சூ நாட்டு மன்னன் அவரை வினவுகிறான். தலைநகரில் ஒருவன் எளிய நாட்டுப்பாடலைப் பாடியபோது ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடினர். அரிய பாடலைப் பாடியபோது சில பதின்மரே சேர்ந்தனர் என்று சோங் யூ கதை சொல்லித் தப்புகிறார். இதனைக் கலைக்கோட்பாடாக எடுத்துக்கொள்வோர், தன்னைக் காத்துக்கொள்ள அரசவையில் சொல்லப்பட்ட விடை இது என்பதை மறந்துவிடுகின்றனர்.

'லான் யூ சோங் ஷு' என்பதும் அரண்மனைக் கதையே. சீ நாட்டு மன்னன் சுவான் 'யூ' என்னும் குழல்தொகுதிக் கருவியை முந்நூறு பேர் சேர்ந்து ஊதக் கேட்பதில் விருப்புடையவன். ஊதத் தெரியாத நான்குவோ என்பவன் அக்கூட்டத்தில் புகுந்து ஊதியம் பெற்றான். அடுத்து வந்த மன்னன் மின் ஒவ்வொருவராக ஊதச் சொல்லவே, அவன் ஓடிப்போனான். தகுதியற்றவன் கூட்டத்தில் எண்ணிக்கையை நிரப்புவதை இத்தொடர் இன்று குறிக்கிறது. பணிவு காட்டித் தம்மையே இவ்வாறு சொல்லிக்கொள்வாரும் உண்டு. ஆனால் 'ஹான் ஃபெய்ஸி' நூலில் இக்கதை போலிகளைப் பற்றியதன்று. ஆள்பவன் கைக்கொள்ள வேண்டிய ஏழு உத்திகளுள், ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டறிதல் என்பதற்கு எடுத்துக்காட்டாகவே அது வருகிறது. ஹான் ஃபெய் குறைகூறுவது முந்நூறு குழல்களையும் ஒன்றாகக் கேட்டுப் பழகிய செவியை.

மணியைத் திருடச் சென்றவன் தன் காதையே பொத்திக்கொண்ட கதையும் 'லூஷி சுன்சியு'வில் தன் குற்றங்களைக் கேட்க விரும்பாத அரசனைக் குறித்தே சொல்லப்படுகிறது. தூக்கிச் செல்ல முடியாத பெருமணியை அவன் உடைக்க முயன்றபோது அது ஒலித்தது. பிற்காலத் தொடரில் பெருமணி சிறுமணியாகிவிட்டது, அரசனும் காணாமற்போனான்.

போர்க்களத் தொடர்களில் செவி இன்னும் கொடிதாகிறது. கி.பி. 383இல் ஃபெய் ஆற்றுப் போரில் தோற்றோடிய படையினர் காற்றின் ஓசையையும் கொக்கின் குரலையும் பகைவரின் ஆரவாரம் என்று அஞ்சினர். 'ஸி மியன் சூ க', அதாவது 'நாற்புறமும் சூ நாட்டுப் பாட்டு', கி.மு. 202இல் காய்சியாவில் முற்றுகைக்குள்ளான சியாங் யூவின் கதை. இரவில் ஹான் படை முகாமிலிருந்து தன் நாட்டுப் பாடல்கள் எழக் கேட்ட அவன், சூ நாடு முழுவதும் பகைவர் வசமாயிற்றோ, இத்தனை சூ மக்கள் அங்கிருப்பது எவ்வாறு என்று திகைத்ததாகச் சிமா சியான் எழுதுகிறார். வேற்று நாட்டுப் பாடலாயின் அது அவனுக்கு வெறும் ஓசை. பிறந்தது முதல் அறிந்த பாட்டானதாலேயே அவன் உளம் உடைந்தது. இன்று இத்தொடர் உதவியற்று முற்றுகைப்பட்ட நிலையை மட்டுமே குறிக்கிறது. அந்த இரவில் கேட்டது சொந்த ஊர்ப் பாட்டு என்பதை அதனை வழங்குவோரில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.