இந்தக் குழாய் இன்றும் தேவையா?

அண்மையில் நண்பரொருவரின் தாயாரைப் பார்க்க வைத்தியசாலைக்குச் சென்றிருந்தோம். இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சை முடிந்து ஆறு நாட்கள் கழிந்திருந்தன. ஊன்றுகோலின் துணையுடன் நடக்கத் தொடங்கியிருந்தார். ஆயினும், முதல் நாளிற் பொருத்திய சலக்குழாய் இன்னும் அகற்றப்படவில்லை. ஏனென வினவினோம். "அவையள் வைச்சது, அவையளே எடுப்பினம், தம்பி" என்றார். மறுநாள் குளிர்காய்ச்சல் கண்டது. சிறுநீரிற் கிருமித்தொற்று. வீடு திரும்பும் நாள் மேலும் ஒரு வாரம் பிந்தியது.

இது அத்தாயாருக்கு மட்டும் நேர்ந்ததன்று. வைத்தியசாலைகளில் நோயாளருக்குப் புதிதாக ஏற்படும் தொற்றுகளுள் சிறுநீர்த்தொற்று மிகப் பரவலானவற்றுள் ஒன்று. அவற்றுட் பெரும்பாலானவை குழாயோடு தொடர்புடையவை. சிறுநீர் பாய்ந்து வெளியேறும்போது வழியிலுள்ள கிருமிகளையும் அடித்துச் செல்கிறது. இது உடலின் இயற்கைக் காவல். குழாய் அக்காவலைக் குலைக்கிறது; கிருமிகள் அதன் சுவரிற் படலமாய்ப் படர்ந்து உள்ளேறுகின்றன. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரிற் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 வீதம் வரை கூடுகிறது. கிருமி காணப்பட்டாலே நோயென்று கொள்ளலாகாது. ஆனால் காய்ச்சலும் வலியும் தோன்றினால் அலட்சியஞ் செய்யலாகாது. தொற்று இரத்தத்திற் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

இத்தகைய தொற்றுகளைக் குறைக்க வேண்டுமாயின் முதலில் அவற்றை எண்ண வேண்டும். அமெரிக்காவில் 1970 முதலும், ஜேர்மனியில் 'கிஸ்' எனும் முறையின் கீழ் 1997 முதலும் வைத்தியசாலைத் தொற்றுகள் முறையாகப் பதிவாகி வருகின்றன. கணக்கு எளிது. இருபது பேர் தலா ஐந்து நாள் குழாயுடன் இருந்தால் அது 100 குழாய்நாள். ஆயிரம் குழாய்நாளுக்கு எத்தனை தொற்று என்பதே அளவுகோல். அமெரிக்காவின் 603 வைத்தியசாலைகளில் நடந்த முயற்சியொன்றின் பெறுபேறு 2016 இல் வெளியாயிற்று. சாதாரண நோயாளர் விடுதிகளில் இவ்வளவு 2.28 இலிருந்து 1.54 ஆகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. இதற்கெனப் புதிய மருந்தெதுவும் தேவைப்படவில்லை. குழாய் தேவைதானா என நாள்தோறும் ஆராய்ந்தமையும், பொருத்துகையில் தூய்மை பேணியமையுமே முதன்மையான வழிகள்.

சிறுநீர் அடைப்பு, கடுஞ்சுகவீனத்தில் மணிக்கணக்காகச் சிறுநீரை அளக்க வேண்டிய நிலை, சில சத்திரசிகிச்சைகள் ஆகியவற்றிற்குக் குழாய் இன்றியமையாதது. படுக்கை நனைகிறது என்பது மட்டும் காரணமாகாது. பை எப்போதும் சலப்பையின் மட்டத்திற்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்திற் படலாகாது. குழாய் மடியவோ, இணைப்புக் கழலவோ கூடாது. தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவுதல் அவசியம். குழாயை நாமாக இழுத்தெடுக்க முனைவது பேராபத்து.

வைத்தியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவென எண்ணி வளர்ந்தவர்கள் நம் பெற்றோர். இங்கே மொழியும் அவர்களுக்குத் துணையில்லை. ஆகவே, "இந்தக் குழாய் இன்றும் தேவையா? எப்போது அகற்றுவீர்கள்?" என்னும் இரு வினாக்களை இந்நாட்டு மொழியில் ஒரு தாளில் எழுதி, அவர்களின் கட்டிலருகே வைத்துவிட்டு வாருங்கள். காலையில் வரும் தாதியிடம் அதை அவர்கள் நீட்டினாற் போதும்.